ரேடியேட்டரில் காய்ச்சிய கூழ்

காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே கீழே இறங்கிப் போய்க் காருக்கு அடியிலிருந்து முட்டை அட்டைகளை உருவிப் பார்ப்பேன். அப்பாவுக்கு நாமக்கல் பக்கத்தில் கோழிப் பண்ணை. முட்டை அடுக்கும் அந்தச் சாம்பல் நிறக் காகித அட்டைகள் அங்கே மலைபோல் கிடக்கும். எண்ணெயை அவை உறிஞ்சும் வேகத்தை எந்தத் துணியிலும் நான் பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய வசதி, அவற்றில் இருக்கும் குழிகள். எந்தக் குழியில் சொட்டியிருக்கிறது என்று பார்த்தாலே மேலே எது ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். முன்வரிசையில் பச்சை நீர் என்றால் ரேடியேட்டர். நடுவில் கறுப்பு என்றால் எஞ்சின். கடைசி அட்டையில் பிசுபிசுவென்று நாற்றமடித்தால் பின்அச்சு. ஓரத்தில் தண்ணீர்போல் இருந்து, தொட்டால் வழுக்கினால் பிரேக் ஆயில். அது ஒன்றுக்குத்தான் பயப்படுவேன். அன்றைக்கு வண்டியைத் தொடவே மாட்டேன்.

கார் என்னைவிட மூத்தது. உருண்டை முகம், சோபாபோல் நீண்ட முன்சீட்டு, ஒரு காலத்தில் அரசு அலுவலக வாசல்களில் வெள்ளை வெள்ளையாக வரிசை கட்டி நின்ற ரகம். மெக்கானிக்கல் படித்துவிட்டு, பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குச் சேலத்தில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் எனக்கு, கையில் அழுக்குப்படாமல் படிப்பு வீணாகிறதே என்று ஒரே அரிப்பு. அந்த அரிப்பில் வாங்கியது. வாங்கிய அன்று, "சாமி, இதுக்கு ரெண்டு எருமைய வாங்கியிருந்தாக்கூட பாலாச்சும் ஒழுகியிருக்கும்" என்றார் அப்பா. பெற்ற மகளையும் சாமி என்று கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

குடியிருப்பது கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரர்கள். அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், என் அம்மா வயதிருக்கும் என்றாலும். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவர். அவருடைய அப்பா வீட்டில் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்தார்களாம். வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். அவருடைய புதுக் கார் வாசலோரம் நிற்கும், என் கார் போர்ட்டிகோவுக்குள் நிற்கும். என் வண்டிக்குள் மழை பெய்யும் என்பதால் அவராகவே விட்டுக்கொடுத்த இடம் அது.

ஒருநாள் அக்கா மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, எம் புள்ளைக்கு வளகாப்பு வருது. போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போடறோம். வெள்ளக் கலரு."

என் கண் தானாகக் காருக்கு அடியில் கிடந்த அட்டைகளுக்குப் போனது.

"உன்ற வண்டி ஒழுகாத நிக்கும்னா நிக்கட்டும். ஒரு சொட்டு உழுந்துச்சு, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன். எடுத்துப் போட்டுரு."

"நிறுத்திடறேங்க்கா. ஒழுகறத."

"நீ வண்டி வாங்குன நாள்லிருந்து இதயேதான் சொல்ற."

எங்கே எடுத்துப் போடுவது? தெருவில் இரண்டு பைக் எதிரெதிரே வந்தாலே ஒன்று ஒதுங்க வேண்டும். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பார்த்தேன், இடம் கிடைக்கவில்லை. பண்ணைக்குக் கொண்டு போனால் ஒரே வாரத்தில் பழைய இரும்புக்காரர் வந்து நிற்பார், அப்பாவே டீ வாங்கிக் கொடுப்பார். ஆக, ஒழுகலை நிறுத்தினால் வண்டி உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சனி ஞாயிறுகளில் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். எஞ்சின் அடித்தட்டைக் கழற்றி கேஸ்கெட் மாற்றினேன். பின்அச்சு சீலை மாற்றினேன். பிரேக் வேலையை மட்டும் நானாகச் செய்யத் துணியாமல் பட்டறையில் கொடுத்தேன். ஒவ்வொரு ஒழுகலாக அடங்க அடங்க, அட்டையில் ஒவ்வொரு வரிசையாகக் காய்ந்தது. ஒன்றைத் தேடிப் போய் இன்னொன்றைக் கற்றுக்கொண்டேன். நான்கு வருடக் கல்லூரியில் வராத தைரியம் எனக்கு அந்தச் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தபோது வந்தது. இதைச் சும்மா சொல்லவில்லை. இன்றைக்கும் ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது "இது முடியாது" என்றால், எனக்குள்ளே ஒருத்தி ஸ்பானரைத் தேடுகிறாள்.

கடைசியில் மிஞ்சியது ரேடியேட்டர் மட்டும். அடித்தொட்டியின் ஓரத்தில் ஒரு மயிரிழைக் கசிவு.

அந்த நேரத்தில்தான் ராசிபுரம் போக வேண்டி வந்தது. வளைகாப்புக்கு நெய்யச் சொல்லியிருந்த பட்டுப் புடவை தயார் என்று போன் வந்தது. அன்று மாலைக்குள் ஜாக்கெட் தைக்கிறவரிடம் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்காரர் நிலத்து வேலையாகப் புதுக் காரை எடுத்துக்கொண்டு வாழப்பாடி போயிருந்தார். அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பி, கையில் பையோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"நம்ம கார்லயே போலாங்க்கா!"

அக்கா காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செரி. இதுல ராசிபுரம் போயிட்டு வந்து, சொட்டில்லாத நின்னுச்சுன்னா, இங்கயே இருக்கட்டும். டைல்ஸ் மேலயே நிறுத்திக்க."

அப்பாவுக்குப் போன் போட்டேன். பண்ணையில் தீவன லாரி ஓட்டுநர்களோடு பழகியே பாதி டிரைவர் ஆனவர்.

"ரேடியேட்டருக்குள்ள முட்ட வெள்ளக்கருவ ஊத்து சாமி. சூட்டுல வெந்து ஓட்டைய அடச்சுக்கும். லாரிக்காரங்க அப்படித்தான் ஓட்டுவாங்க."

முட்டைக்கு எனக்கா பஞ்சம்? மேலே ஓடிப்போய் இரண்டு கொண்டு வந்தேன். வெள்ளைக்கருவைப் பிரிக்கும்போது அவசரத்தில் மஞ்சளும் உடைந்து கலந்து போனது. பரவாயில்லை, அதுவும் வேகும்தானே என்று ஊற்றினேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அப்போது பிறந்த வீட்டு ஆலை ஞாபகம் வந்துவிட்டது.

"முட்ட மட்டும் எதுக்காவுது? கெழங்கு மாவு ஒரு கை போடு. எங்க ஆலைல அந்த மாவு காஞ்சுதுன்னா உளி வெச்சுத்தான் பேக்கோணும்."

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. மரவள்ளி மாவு ஸ்டார்ச். ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரை உறிஞ்சி இறுகும். அட, அறிவியல்படியே சரி! அக்கா கொண்டு வந்த டப்பாவிலிருந்து ஒரு கை போட்டேன். போதாதோ என்று இன்னொரு கை போட்டவளும் நான்தான்.

சேலம் ஊருக்குள் கடக்கும்வரை ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றபோது கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. அக்காவிடம் வெற்றிச் சிரிப்பு சிரித்தேன். அவர் சீட்டைத் தடவி, "பஞ்சு நல்லாத்தான் இருக்குது" என்றார். மல்லூரை நெருங்கும்போது சூடு காட்டும் முள் அசைந்தது. அப்புறம் எழுந்தது. அப்புறம் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி. ஆவியோடு ஒரு வாசம், அவித்த முட்டையும் ஜவ்வரிசிப் பாயசமும் ஒன்றாகக் கலந்த மாதிரி.

நல்லவேளை, சாலையோரத்தில் லாரி கழுவும் இடம் ஒன்று இருந்தது. உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, துணியைச் சுற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் இல்லை. மஞ்சளாக, வழுவழுவென்று, நடுநடுவே வெள்ளைத் துணுக்குகளோடு கெட்டியாக ஏதோ தளும்பியது.

லாரி கழுவிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் குச்சியால் தொட்டுத் தூக்கிப் பார்த்தார். நூல் விட்டது.

"ஏனுங்கம்மா, இதுல என்னத்தைங்க ஊத்துனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "முட்ட. கெழங்கு மாவு."

"உப்புப் போட்டீங்களா?"

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "அட சாமி! கூழ் காச்சிட்டோமே சாமி! பந்தியே போடலாமாட்டம் இருக்குது!" இத்தனை நாளில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்ற நானும் சேர்ந்துகொண்டேன்.

ஹோஸைக் கழற்றி, கீழிருந்து மேலாகத் தண்ணீரைப் பீய்ச்சி, கூழ் முழுவதும் வெளியேறும்வரை கழுவினோம். அந்த அண்ணனுக்கும் ரேடியேட்டரைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. "இப்புடிப் பீச்சுனா போயிருமுன்னு நெனைக்கறேனுங்க" என்று சொல்லிக்கொண்டே பீய்ச்சினார். போகவும் செய்தது. கூடவே கசிவை அடைத்திருந்த பழைய துருவும் போய்விட்டது. மயிரிழை இப்போது ஓட்டையாகிவிட்டது. பழைய எண்ணெய்க் கேன் இரண்டை அவரே கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார்.

"திரும்பிப் போயிரலாங்களா அக்கா?"

"பொடவ?"

"பஸ்ல..."

"ஊத்திக்கிட்டே போலாம். ஓட்டு."

அப்படித்தான் போனோம். முள் ஏறினால் நிறுத்துவது, ஆற விடுவது, ஊற்றுவது, அடுத்த தண்ணீர் எங்கே என்று தேடுவது. ஒரு டீக்கடைக்காரர் குடத்தோடு வந்தார். பம்ப்செட் மோட்டார் ஓடிக்கொண்டிருந்த, மரவள்ளிக் கிழங்கு போட்ட காட்டில் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கி, கேனை நிரப்பினார். நிரப்பியதும் வரவில்லை. காட்டுக்காரப் பெண்ணோடு பேச்சு. எந்த ஊரு, யாரு வகையறா, கிழங்கு எந்த ஆலைக்குப் போகுது, புள்ளைக்கு எத்தனாவது மாசம். எஞ்சின் எப்போதோ ஆறிவிட்டது, பேச்சு ஆறவில்லை. திரும்பும்போது மடியில் ஒரு கிழங்கு. "வேண்டாம்னாலும் கேக்கல அந்தப் புள்ள."

காரில் ஏறி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆனதுலிருந்து இந்த ரோட்டுல போறேன். எங்கூட்டுக்காரரு கண்ணாடிய ஏத்திட்டு, ஏசியப் போட்டுட்டு, ஒரே மிதி. ஒண்ணுக்குப் போகோணும்னாக்கூட ஊட்டுக்குப் போய்த்தான். இன்னைக்குத்தான் எறங்குனேன்."

நான் முள்ளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ராசிபுரத்தில் தறிக்காரர் வீட்டை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அரக்கும் பச்சையுமாகப் புடவை. அவர் வீட்டம்மாவும் கேனில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அன்று நான் ஒரே சாலையில் எத்தனை பேருக்கு நன்றி சொன்னேன் என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. நல்ல ரேடியேட்டர் இருந்திருந்தால் ஒருவருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜாக்கெட்டுக்காரரைக் கடை மூடும் நேரத்தில் பிடித்துக் கொடுத்துவிட்டோம். வீட்டுக்கு வந்து போர்ட்டிகோவில் நிறுத்தினேன். இறங்குவதற்குள் சளசளவென்று சத்தம். கேன் கேனாக நாங்கள் வாங்கி வந்த தண்ணீரில் மிச்சம் இருந்தது அத்தனையும் தரையில் ஓடி வாசல் வரை போனது. ஓட்டிய ஓட்டத்தில் எஞ்சினிலிருந்தும் எண்ணெய் மறுபடி கசிந்து, தண்ணீர் மேல் வானவில்லாக மிதந்தது.

சோதனையில் தோற்றாகிவிட்டது. யாரும் சொல்லத் தேவையில்லை.

"ஞாயித்துக்கெழம எடுத்தர்றேங்க்கா," என்றேன்.

அக்கா புடவைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ச் சாப்புட்டுத் தூங்கு" என்றார்.

நான் தூங்கவில்லை. பழைய கார் வாங்கி விற்கும் ஆட்களின் நம்பரைத் தேடி எடுத்து வைத்தேன். ஒருவருக்கும் போன் செய்ய விரல் வரவில்லை.

டைல்ஸ் போடுகிற மேஸ்திரி வந்த அன்று, மாடிப்படியில் இறங்கும்போது கீழே அக்காவின் பேச்சுக் கேட்டது.

"சக்கரம் போற தடத்துக்கு ரெண்டு பக்கமும் டைல்ஸ் ஒட்டு. நடுவுல தரையப் பேத்துப்போட்டு ஜல்லி கொட்டிரு."

"ஏனுங்க, டைல்ஸ் பத்தாதுங்களா? பொட்டி மிச்சமே இருக்குதுங்க."

"டைல்ஸ் இருக்குது. அந்த வண்டி ஒழுகறதுக்கு எடம் வேணுமில்ல?"

வீட்டுக்காரரின் குரல், அபூர்வமாக: "அப்ப நம்ம காரு?"

"அது ஒழுகாதில்ல. எங்க வேணா நிக்கும்."

நான் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நன்றி சொல்லக் கீழே போனால் அழுதுவிடுவேன், அழுதால் அக்கா திட்டுவார். சிறிது நேரம் கழித்துப் போய், ஜல்லி கொட்ட நானும் ஒரு சட்டி பிடித்தேன்.

வளைகாப்பு முடிந்தது. ரேடியேட்டருக்குப் புது உள்கூடு போட்டேன். எண்ணெய் அதுபாட்டுக்கு ஜல்லியில் சொட்டுகிறது. தண்ணீர் மட்டும் இப்போது சொட்டுவதில்லை. முள் நடுவிலேயே நிற்கிறது. ஆனாலும் அக்காவோடு எங்கே போனாலும், ஒரு கிணறோ, பேசக்கூடிய முகமோ கண்ணில் பட்டுவிட்டால் போதும், என் தோளைத் தட்டுவார்.

"நிறுத்து சாமி. தண்ணி இருக்குதான்னு பாத்துரலாம்."

நிறுத்துகிறேன். இறங்கிப் போய் ஒப்புக்கு பானெட்டைத் தூக்கி வைக்கிறேன். அக்கா அதற்குள் வரப்பில் பாதி தூரம் போயிருப்பார்.