காணாமல் போன நாற்பது கிலோ

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளைக்கு நல்ல தொப்பை. கோட்டு பட்டன் போட மறுத்தது. போட்டோகிராபர் சும்மா இருப்பாரா? “சார், கொஞ்சம் மூச்சை உள்ள இழுங்க” என்றார். இழுத்தார். ஃப்ளாஷ் அடித்தது. மறுபடி இழுத்தார். பரிசைக் கொடுக்க நான் மேடை ஏறியபோது பாவம், முகம் சிவந்து போயிருந்தது.

பந்தியில் பக்கத்து இலைப் பெண்மணி என் காதில் சொன்னார்: “கல்யாணத்துக்குள்ள பத்து கிலோ குறைக்கிறேன்னு பொண்ணுகிட்ட சொல்லியிருந்தானாம். ஏமாத்திட்டான்.”

ஏமாத்திட்டான்... குறைக்காவிட்டால் ஏமாற்று. சரி, குறைத்துவிட்டால்?

குறைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த நாற்பது கிலோவால் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதுகு சில்லிடுகிறது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். கீழ் வீடு எங்களுடையது. மேல் வீட்டில் தங்கராசுவும் அவர் மனைவி மல்லிகாவும். அவர் திருநெல்வேலிப் பக்கம். அவள் கள்ளிக்குப்பத்துப் பெண். அவள் அண்ணனும் தங்கராசுவும் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை. நண்பன் வீட்டுக்கு வந்து போனதில் தொடங்கிய காதல்.

தங்கராசு நூற்றுப் பத்து கிலோ. மல்லிகா அதில் பாதிகூட இல்லை.

“இவரை எப்படிடி பிடிச்சது?” என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன்.

“வாசப்படில வந்து நின்னாருன்னா ஊடே நெறைஞ்ச மாதிரி கீதுக்கா. எனக்கு அது புட்ச்சிது” என்றாள். வெட்கமெல்லாம் இல்லை.

அவர் நடையை எங்கள் கட்டிடத்துக்கே தெரியும். வலது கால் ‘தொம்’ என்று விழும். முழங்கால் வலியால் இடது கால் கொஞ்சம் தாமதித்து விழும். தொம்... தும். படியில் அந்தச் சத்தம் கேட்டதும் மேலே மல்லிகா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அவர் செருப்பைக் கழற்றும்போது மாவு கல்லில் விழுந்திருக்கும்.

மல்லிகாவின் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. குடும்பமாக போட்டோ எடுக்க நின்றபோது அவள் சித்தி மகன் ஒருவன், “இன்னா மாமே, அக்காவக் காணோம்? உன் நெழல்லயே நின்னுகினு கீது போல” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தங்கராசு திரும்பிப் பார்த்தார். மல்லிகாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து மனிதர் மாறிவிட்டார். விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி நடை. காலையில் கேழ்வரகுக் கூழ், இரவில் ரெண்டு சப்பாத்தி. கேன்டீன் வடையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பத்து மாதத்தில் நாற்பது கிலோ போயே போய்விட்டது. முழங்கால் வலியும் கூடவே போயிற்று. சட்டைகள் எல்லாம் டெய்லரிடம் போய்ச் சுருங்கி வந்தன. குவார்ட்டர்ஸே அவரைப் பாராட்டியது. என் கணவரைக் காட்டி நானே, “பாருங்க, கத்துக்கோங்க” என்று குத்திக் காட்டியிருக்கிறேன்.

மல்லிகா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் என்னோடு பீன்ஸ் நறுக்கிக்கொண்டு இருந்தபோது திடீரென்று கேட்டாள்.

“அக்கா, ஒரு ஆளு இன்னொரு ஆளா மாறிட முடியுமா?”

“என்னடி கேள்வி இது?”

“வர்றதே தெரியலக்கா. அடுப்பாண்ட நின்னுகினு இருப்பேன். திரும்பினா பின்னாடி ஒருத்தர் நிக்கறாரு. சத்தமே இல்ல. கைல கீறதெல்லாம் கீழ விழுந்துடுது.” கத்தியைக் கீழே வைத்தாள். “முன்னல்லாம் அவரு படுத்தார்னா கட்டில் நடுவுல பள்ளமாய்டும். நான் தன்னால உருண்டு போய் அவராண்ட ஒட்டிக்குவேன். இப்ப கட்டில் அசையறதே இல்ல. ட்ரெயின்ல பக்கத்து சீட்டுக்காரன் மாதிரி ஓரமா படுத்துனு கீறாரு. தெரியாம கை பட்டா எலும்பு. யாரோட எலும்புன்னு தோணுது.”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. புருஷன் சினிமா ஹீரோ மாதிரி ஆனால் யாராவது அழுவார்களா என்று அப்போது எனக்குத் தோன்றியது. அவள் சிரிக்கவில்லை. பீன்ஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம். பகல் மூன்று மணி. வாரப் பத்திரிகையைப் புரட்டியபடி தரையில் படுத்திருந்தேன். தலைக்கு மேலே சத்தம்.

தொம்... தும். தொம்... தும்.

தங்கராசு சீக்கிரம் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். புரட்டிய கை நின்றுவிட்டது. அவர் இப்போது அப்படி நடப்பதில்லையே... அந்த நடையைக் கேட்டு மாதக்கணக்காகிறதே?

அடுத்த நாளும் கேட்டது. மூன்றாம் நாளும் கேட்டது. அதே மூன்று மணி. வாசலிலிருந்து சமையலறை வரை போகும், திரும்பி வரும். ஒரு பத்து நிமிடம். பிறகு நின்றுவிடும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. படியில் தங்கராசுவைப் பார்த்ததும், “மத்தியானத்துல வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா தம்பி? நடக்கிற சத்தம் கேக்குதே” என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

“ஆம்பள நடையா மதினி?” என்று மெதுவாகக் கேட்டார்.

சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

மறுநாள் இரண்டரை மணிக்கு என் வாசலில் வந்து நின்றார். பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறார். சைக்கிளை வேறு பிளாக்கில் விட்டிருக்கிறார். “இங்கன கொஞ்ச நேரம் இருந்துக்கிடுதேன் மதினி” என்றவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொடுத்த காபியில் ஆடை படிந்தது. மேலே எவனாவது இருந்தால்? இவர் என்ன செய்வார்? எல்லாம் என் வாயால் வந்தது.

மூன்று மணி.

தொம்... தும். தொம்... தும்.

தங்கராசு விருட்டென்று எழுந்தார். கை முஷ்டியாக இருந்தது. இரண்டு அடி வைத்தார். நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். முஷ்டி தானாகத் திறந்துகொண்டது. நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்வை.

“மதினி... அது யாரு நடைன்னு தெரியுதா?”

“ம்.”

“என் நடைல்லா அது.”

பட்டப்பகல். வெளியே வெயில் கொளுத்துகிறது. என் வீட்டு ஹாலில் தங்கராசு நிற்கிறார். என் வீட்டுக் கூரைக்கு மேலே தங்கராசு நடக்கிறார்.

“தனியா ஏற முடியல. நீங்களும் வாங்க” என்றார். போனேன்.

கதவு தாழிடப்படவில்லை. தள்ளினார். ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் உள்ளே அரை இருட்டு. அவருடைய பழைய நீல யூனிஃபார்ம் சட்டை – டெய்லரிடம் போகாமல் தப்பிய ஒரு பெரிய சட்டை – எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தது. நிறைந்து, புடைத்து, பழைய தங்கராசுவாகவே.

சமையலறை வாசலில் அது திரும்பியது.

மல்லிகா. காலில் அவருடைய கனத்த ஃபேக்டரி பூட்ஸ். சட்டைக்குள்ளே, வயிற்றோடு சேர்த்துக் கட்டிய அரிசி மூட்டை. இருபது கிலோவாவது இருக்கும். கண்கள் மூடியிருந்தன. இடது காலைக் கொஞ்சம் தாமதித்து வைத்தபடி எங்களை நோக்கி வந்தாள்.

“மல்லிகா” என்றார் அவர்.

கண்ணைத் திறந்தாள். திடுக்கிடவில்லை. விலாசம் விசாரிக்க வந்தவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

“அவரு இன்னும் ட்யூட்டிலேர்ந்து வர்ல” என்றாள்.

சாதாரணக் குரல். அதுதான் பயம்.

தங்கராசு சுவரைப் பிடித்துக்கொண்டார். நான்தான் ஓடிப்போய் அவளை உட்கார வைத்து, முடிச்சை அவிழ்த்து மூட்டையை இறக்கினேன். தண்ணீர் குடித்த பிறகு அவள் முகத்துக்கு உயிர் வந்தது. அழுதாள்.

“பைத்தியம் இல்லக்கா நானு. சத்தம் இல்லாம ஊடு எப்படியோ கீது. மத்தியானத்துல கொஞ்ச நேரம் கேட்டா, அப்பால சாயந்தரம் வரிக்கும் தாங்கும்.”

“உனக்காகத்தான நான் குறைச்சேன்” என்றார் தங்கராசு.

“நான் கேட்டேனா?”

“உங்க அண்ணன் கல்யாணத்துல... நீ என் நிழல்ல நிக்கன்னு உன் சித்தி மவன் சொன்னப்ப, நீயும் சேந்து சிரிச்சல்லா?”

மல்லிகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வருடத்தில் முதல் தடவையாகத் தன் கணவரைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

“ஆமா, சிரிச்சேன். நல்லாத்தான கீதுன்னு சிரிச்சேன்.”

நான் சத்தமில்லாமல் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

குறைந்த எடை திரும்பவில்லை. முழங்காலுக்கு அதுதான் நல்லது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் மறுநாளிலிருந்து படி ஏறும்போதே, “மல்லிகா, நான்தான் வாறேன்” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். வாரக் கடைசியில் இருவரும் அம்பத்தூருக்கு சினிமா போனார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் போலக் கொஞ்சம் இடைவெளி விட்டு நடப்பார்கள். மாதங்கள் போகப் போக அந்த இடைவெளி குறைந்தது. அவள் கையிலிருந்து பாத்திரம் விழும் சத்தமும் நின்றது.

பெண் பார்க்கும் படலத்தில் ‘ஒல்லியா இருக்கணும்’ என்கிறோம். மாப்பிள்ளைக்குத் தொப்பை இருந்தால் முகம் சுளிக்கிறோம். கிலோ குறைந்தால் ஆசை கூடும் என்று நமக்குள் ஒரு கணக்கு. அந்த உடம்பைத்தான் ஒருத்தி காதலித்திருப்பாள் என்பது மட்டும் நமக்குத் தோன்றுவதே இல்லை... ஏன்?

அவர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் முன் மல்லிகா சொல்லிக்கொள்ள வந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். முகத்தில் நல்ல களை.

“இப்ப எல்லாம் சரியாயிடுச்சாடி?” என்று கேட்டேன்.

“ஆச்சுக்கா. இவரையும் ரொம்பப் புட்ச்சிருக்கு எனக்கு” என்றாள்.

இவரை‘யும்’. அந்த இரண்டு எழுத்தைத் தங்கராசுவிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை.