பொட்டு வைத்த பிளேடு

சில வருடங்களுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை நடந்தது இது. பத்து காவான் என்கிற ஊரில் ஒரு சின்ன இரும்புப் பட்டறையில் எனக்கு வேலை. கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவரின் காரில்தான் ஜார்ஜ்டவுன் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போவேன். தைப்பூசக் காவடிகளுக்கு வாசிக்கும் உறுமி மேளக் குழுவில் அடிக்கிறவர் அவர். சிக்னலில் கார் நின்றால் போதும், ஸ்டியரிங்கே மேளமாகிவிடும்.

பூஜைக்காக இரும்பு அறுக்கும் பேண்ட்சா மெஷினில் புது பிளேடு மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். கட்டி இரும்புக்கான பெரிய பல் பிளேடு அது. மறுநாள் வந்ததோ மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய். அதற்குப் பொடிப் பல் வேண்டும். குழாய்ச் சுவரின் கனத்தில் எப்போதும் மூன்று பல்லாவது படிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் பல்லிடுக்கில் மாட்டி, பிளேடு குழாயையே இழுத்துவிடும். எங்கள் இருவருக்குமே இது நன்றாகத் தெரியும்.

"அண்ணே, பிளேட மாத்திடலாமா?" என்றேன்.

"நேத்துதான் பூஜை போட்டோம். பொட்டுகூட அழியல, அதுக்குள்ள கழட்டுறதா? மனசு வரல லா தம்பி. இந்தக் கொஞ்சக் குழாயும் ஓடட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்.

எனக்கும் மனசு வரவில்லை. சாமி காரியமாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

கடைசித் துண்டு கிளாம்பில் நிற்காத அளவுக்குக் குட்டை. அண்ணன் அதைக் கையிலேயே பிடித்து பிளேடுக்குக் கொடுத்தார். டக்கென்று ஒரு சத்தம். குழாய் உருண்டு அவர் வலது கையையும் சேர்த்து இழுத்தது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் அழவில்லை. "தைப்பூசம் வருது தம்பி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான்தான் அழுதேன்.

இப்போது அதே பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறார். மேளம் அடிப்பதில்லை. காரை நான் ஓட்டுகிறேன்; சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் யாரும் தட்டுவதில்லை. ஆயுத பூஜை வந்தால் மட்டும் அவரே மெஷினிடம் வந்து, "மறுநாளு என்னா வேலை?" என்று கேட்பார். அந்த வேலைக்கு ஏற்ற பிளேடை என்னை மாட்டச் சொல்லி, இடது கையால் பொட்டு வைப்பார். கும்பிட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பொட்டுக்குக் கொடுத்த மரியாதையை அண்ணனின் கைக்கும் அன்று கொடுத்திருக்கலாமே என்று ஒவ்வொரு பூஜையிலும் நினைத்துக்கொள்கிறேன்.