பாய்லர் அப்பாசாமியும் ஒரு கதவுப் பலகையும்

அப்பாசாமி வாயைத் திறந்தால் நேராக வஜீரிஸ்தான் மலையில்தான் போய் நிற்பான். ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் அவனுக்கும் எனக்கும் ஒரே சுவர். கேட்காமல் தப்ப வழியில்லை.

சேலத்துக்காரன். பட்டாளத்தில் வெடிமருந்துப் பிரிவில் சேர்ந்து 1920இல் எல்லைப்புறம் போனவன். அங்கே மஹ்சூத் என்னும் பட்டாணிக் கூட்டத்தார் சர்க்காரை எதிர்த்துக் கிளம்பியிருந்தார்கள். அடங்காத ஊர்களின் கோபுரங்களையும் வீடுகளையும் வெடிவைத்துத் தகர்ப்பது இவன் வேலை. பட்டாளம் அனுப்பிவிட்ட பிறகு கப்பலேறி ரங்கூன் வந்து, அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளினான். நான் அதே ஆலையில் எடை குமாஸ்தா.

ஆலை வாசலில் காவல் நின்றவர் குல் மீர் கான். பெஷாவர் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர். கூலிகளோடு பழகித் தமிழும் பேசுவார். அப்பாசாமிக்கு அவர்மேல் அப்படியொரு பிரியம். வேலை விட்டதும் இருவரும் வாசலில் உட்கார்ந்து ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்பார்கள். ஒருநாள் கான் சொன்னார்: "எங்க மலையிலே ரத்தத்துக்கு ரத்தம், பாய். ஆனா எதிராளியே நம்ம வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டா, கொடுத்தே ஆகணும். இல்லேன்னா நம்ம மானம் போச்சு."

1925இல் அவன் மகள் அம்சவேணிக்குக் காதுகுத்து. அப்பாசாமி கானை வற்புறுத்தி அழைத்து வந்தான். அவன் மனைவி தைலம்மாள் பாயசம் கொடுத்தாள். கானும் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது சுவரைப் பார்த்தார். முருகன் படத்தைத் தாங்கியிருந்த பலகையில் பூ வேலைப்பாடு. ஓரத்தில் கத்தியால் போட்ட மூன்று வெட்டு.

"இந்தப் பலகை எங்கே கெடச்சுது, பாய்?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் தவளைக்கு அன்று குஷி வேறு. "மஹ்சூத்காரன் வீட்டுக் கதவு, கான் பாய்! நான்தான் மருந்து வச்சேன். சுவரு ஒரே நிமிஷத்துலே படுத்துடுச்சு. கூரை உத்தரத்தையெல்லாம் உருவிக் கொண்டுபோய் முகாம்லே அடுப்பெரிச்சோம். பூ அழகா இருந்துச்சா, இதை மட்டும் அறுத்து எடுத்துக்கிட்டேன்."

ஊர் எது என்று கான் கேட்டார். இவன் சொன்னான். கான் எழுந்து அந்த மூன்று வெட்டுகளையும் விரலால் தடவினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெஷாவர் என்று அவர் சொன்னது பொய் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மஹ்சூத் என்றால் எந்த ஆலையில் வேலை கொடுப்பார்கள்?

அப்பாசாமி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. "துரைகிட்டே சொல்லிடு. உசிரு முக்கியம்" என்றேன். எனக்குப் பயம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் உயிருக்கும் சேர்த்துத்தான்.

"சொன்னா அவரு வேலை போயிடும்" என்றான். "இருந்த வீட்டையும் இடிச்சு, இருக்கற வேலையையும் பறிக்கச் சொல்றியா? அவரு வாசலுக்குப் போய்க் கேக்கறேன். அவரே சொன்ன வழிதானே?"

மூன்றாம் நாள் பொழுது சாய, பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். மனம் கேட்காமல் நானும் பின்னால் போனேன். ஆலை வாசலில் கான் தடியோடு நின்றிருந்தார். அப்பாசாமி பலகையை அவர் காலடியில் வைத்து மண்டியிட்டான்.

"தப்புப் பண்ணிட்டேன், கான் பாய். மன்னிச்சிடுங்க."

கான் குனிந்து முதல் வெட்டைத் தொட்டார். "என் பொண்ணு நின்ன உசரம். ஒவ்வொரு ஈது பெருநாளுக்கும் ஒரு வெட்டு. மூணு ஈது." விரல் மூன்றாவது வெட்டிலேயே நின்றது. "அந்தக் குளிர்லே கூரை இல்லே. மறுபடி கூரை போட உத்தரமும் இல்லே. நாலாவது ஈதுக்கு அவ இல்லே."

அப்பாசாமி தேம்பி அழுதான்.

"உங்க வாசலுக்கு வந்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்றான் மறுபடியும்.

கான் ஆலையின் இரும்புக் கதவைக் காட்டினார். "இது துரை வாசல்." பிறகு பலகையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "என் வாசல் இது. நீ அதைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கே. எந்த வாசல்லே நின்னு கேப்பே, பாய்?"

மறுவாரம் கான் பலகையோடு கல்கத்தாக் கப்பலில் போய்விட்டார். அப்பாசாமியை அவர் தொடவில்லை, மன்னிக்கவும் இல்லை.

அதன்பின் அப்பாசாமி வஜீரிஸ்தான் பற்றிப் பேசியதே இல்லை. நான்கு வருஷம் உமித்தூசியில் இருமி இருமி, 1929 மழைக்காலத்தில் செத்தான். கடைசி நாட்களில் வாசலில் யார் நிழல் தட்டினாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

"கான் பாயா?" என்பான்.

நான்தான் என்பேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.