காணிக்கைக் கவருக்குள் இருபத்துமூன்று மாத்திரைகள்

ஆண்டவருடைய இரக்கத்தால் என் கணவர் இன்று உயிரோடு இருக்கிறார். இதை வாசிக்கிற சபையார் எல்லாரும் முதலில் அதற்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் இதற்குப் பிறகு எழுதப்போவதெல்லாம் கோபத்தில் எழுதுவது. "சாட்சியைக் கொஞ்சம் சாந்தமா எழுதுங்க டீச்சர்" என்று குருவானவர் சொன்னார். எழுதிப் பார்த்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம். சாந்தம் வரவில்லை.

நான் களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. இருதயத்துக்கு எத்தனை அறை, ரத்தம் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து சொல்லிக்கொடுக்கிறவள். என் கணவர் செல்லத்துரை வாழை விவசாயி. ஐம்பத்துநான்கு வயது. சபைக் காரியம் என்றால் சாப்பாட்டை மறந்து ஓடுகிற மனுஷன்.

போன பிப்ரவரியில் அவருக்கு முதல் முறையாக நெஞ்சுவலி வந்தது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இருதயத்துக்குப் போகும் ஒரு குழாய் அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ஆழ்வார்திருநகரிக்காரர். வீட்டுக்கு அனுப்பும்போது ரோஸ் நிற மாத்திரை ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"டீச்சர், ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையாம பாத்துக்கிடுதது இதுதான். ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூட விடக் கூடாது. உங்க பொறுப்பு."

என் பொறுப்பு என்று வாங்கிக்கொண்டு வந்தேன். தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அட்டையை நான்தான் எடுத்து நீட்டுவேன். அவர் ஒன்றைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பானைப் பக்கம் போவார். நான் பாத்திரம் ஒதுக்கப் போய்விடுவேன்.

ஜூலை மாதம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் என் கணவருடைய நெஞ்சின்மேல் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார். ஜெபித்து முடித்து, "பிரதர், உங்க இருதயம் புதுசாயிட்டு. இனி மாத்திரையை நம்பப் போறீங்களா, ஆண்டவரை நம்பப் போறீங்களா?" என்று கேட்டார். கூடியிருந்த அத்தனை பேரும் அல்லேலூயா சொன்னோம். நானும் சொன்னேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், நானும் சொன்னேன்.

கூட்டம் முடிந்து கோழிக்குழம்போடு சாப்பாடு போட்டேன். சாப்பிட்டு எழுந்ததும் அந்த ஊழியக்காரர், "சிஸ்டர், கொஞ்சம் வெந்நீர்" என்றார். சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து வாயில் போட்டார். பிரஷராம், சுகராம். வெந்நீரை ஆற்றிக் கொடுத்தவளே நான்தான். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் கணவர் எழுந்து நின்று சாட்சி சொன்னார். கர்த்தர் தனக்கு முழு சுகம் தந்துவிட்டார், இனி தனக்கு எந்த மருந்தும் தேவையில்லை என்று சொல்லிக் கண்ணீர்விட்டார். சபையே கைதட்டியது. "என்ன விசுவாசம் டீச்சர் உங்க வீட்டுக்காரருக்கு!" என்று வாசல்வரை வந்து சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மருந்து தேவையில்லை என்று அவர் சொன்னதைச் சாட்சியில் வழக்கமாகச் சேர்த்துச் சொல்கிற வார்த்தை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரியும் அட்டையை எடுத்து நீட்டினேன். அவரும் வாங்கி, பிதுக்கி, தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். வகுப்பில் இருந்தேன். எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் இசக்கியம்மாள் போன் செய்தாள்.

"டீச்சர், அண்ணாச்சி வாழைக்குள்ள விழுந்து கெடக்காவ. மூச்சு ஒரு மாதிரி இழுக்கு. நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு. ஓடி வாங்க."

ஆம்புலன்சில் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். நாங்குநேரி தாண்டியதும் அவர் கண் மேலே போய்விட்டது. ஆம்புலன்சோடு வந்த உதவியாளர் தம்பி நெஞ்சை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். திருநெல்வேலியில் அதே மருத்துவமனை வாசலில் இறக்கி, கரண்ட் வைத்து இருதயத்தைத் திரும்ப ஓட விட்டார்கள். பிப்ரவரியில் வைத்த அதே ஸ்டென்ட் முழுதாக அடைத்திருந்தது. அடைப்பை எடுத்துவிட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். வாயில் மூச்சுக்குழாய், மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு குழாய். எங்கே தொட்டுப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். அதே ஆழ்வார்திருநகரிப் பெண்.

"டீச்சர், ஒரு விஷயம் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த ரோஸ் மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர். என் கையாலதான் எடுத்துக் குடுத்தேன்."

அவர் முகம் வாடிவிட்டது. ஏன் என்று விளக்கினார். மாத்திரை போட்டும் அடைத்திருக்கிறது என்றால், அந்த மாத்திரை இவர் உடம்பில் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதைவிட வீரியமான மருந்துக்குப் போக வேண்டும். ஆனால் இவருக்கு ஏற்கெனவே வயிற்றிலிருந்து ரத்தம் கசிந்து மூக்குக்குழாயில் வந்துகொண்டிருக்கிறது. வீரியமான மருந்தைக் கொடுத்தால் அந்தக் கசிவு நிற்காமல் போகலாம். கொடுக்காவிட்டால் ஸ்டென்ட் மறுபடி அடைக்கலாம்.

"இன்னும் ஒரு மணி நேரம் பாக்குறேன். அதுக்குள்ள முடிவு பண்ணியாகணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குள் சபையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். பெண்கள் ஐக்கியத்தில் மூத்தவரான பொன்னம்மாள் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையத் தோளைத் தட்டினார்.

"டீச்சர், சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. முழு சுகம் கெடைச்ச மனுஷன் விழுதாருன்னா, வீட்டுக்குள்ள ஏதோ மறைவா இருக்கு. அறிக்கை பண்ணிருங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அக்கா, எந்திரிச்சு அங்கன போங்க. இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று கத்தினேன். அந்த இடமே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன்.

அங்கே நின்று நான் செய்த ஜெபத்தை மறைக்காமல் எழுதுகிறேன். பயபக்தியாக முழங்காலில் நின்று செய்த ஜெபம் இல்லை அது. சுவரைக் கையால் அடித்துக்கொண்டு கேட்டேன். "ஆண்டவரே, இருபத்தேழு வருஷமா உமக்குப் பாட்டுப் பாடினேன். இந்த மனுஷன் உமக்காக ஓடி ஓடி உழைச்சாரு. இதுதான் நீர் செய்யுறதா? மறைவா ஏதோ இருக்காம். இருந்தா எனக்குக் காட்டும். ஒரு மணி நேரம்தான் இருக்கு. எனக்கு அற்புதம் வேண்டாம், உண்மை வேண்டும். காட்டலேன்னா நான் இனிமேல் உம்மோடு பேசமாட்டேன்." ஆமென்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது என் கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார். வீட்டிலிருந்து அண்ணனுடைய வேதாகமத்தை எடுத்து வந்திருந்தார். நோயாளியின் தலையணைக்கு அடியில் வேதாகமத்தை வைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். கண்ணாடிக் கதவைத் தட்டினோம். நர்ஸ் பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

"தலைமாட்டுல வைக்கலாம் அம்மா. ஆனா இந்த ஜிப் கவரோட உள்ள விடமாட்டோம், அழுக்கு இருக்கும். கழத்திட்டு, துடைச்சுக் குடுங்க."

அந்த ரெக்சின் கவர் அவர் பதினைந்து வருடமாக வைத்திருப்பது. கழற்றினேன். உள்பக்கப் பையில் ஏதோ புடைத்துக்கொண்டு இருந்தது. இழுத்தேன். அறுப்பின் பண்டிகைக் காணிக்கைக் கவர் வந்தது. ஒவ்வொரு வருடமும் சபையில் வீட்டுக்கு ஒன்று என்று பெயர் எழுதிக் கொடுப்பார்களே, அந்தக் கவர்தான். அதன்மேல் அவர் கையெழுத்தில், "இருதயம் முழு சுகமானதற்கு ஸ்தோத்திரம்" என்று எழுதியிருந்தது.

கவரைப் பிரித்துக் கையில் கொட்டினேன். அத்தனையும் ரோஸ் மாத்திரை.

எண்ணினேன். இருபத்துமூன்று. அவர் சாட்சி சொன்ன ஞாயிறு ராத்திரியிலிருந்து, விழுந்ததற்கு முந்தின நாள் திங்கள் ராத்திரி வரைக்கும், ஒன்றுகூடக் குறையவில்லை. பண்டிகையன்று எல்லாரும் முதல் தாரும் முதல் பூசணிக்காயும் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்போம் இல்லையா? இவர் வாழைத்தாரோடு சேர்த்துத் தான் விழுங்காத மாத்திரைகளைப் படைக்க எண்ணியிருந்திருக்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கதவைப் படபடவென்று அடித்தேன். டாக்டர் ஓடிவந்தார். கையை விரித்துக் காட்டினேன். "போடல டாக்டர். மூணு வாரத்துக்கு மேல போடவே இல்ல. நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், எனக்குத் தெரியாமலே."

அவர் மாத்திரைகளைப் பார்த்தார். கவரின்மேல் எழுதியிருந்ததையும் வாசித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "அப்ப மருந்து மேல தப்பில்ல. பழைய மாத்திரையே போதும். நல்ல நேரத்துல சொன்னீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். அதே ரோஸ் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து மூக்குக்குழாய் வழியாகக் கொடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் ரத்தக் கசிவு நின்றது. ஸ்டென்ட் அடைக்கவில்லை.

அவர் கண் திறக்க நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் மூச்சுக்குழாயை எடுத்தார்கள். உள்ளே போனேன். தொண்டை புண்ணாகி, குரல் காற்றாகத்தான் வந்தது.

"கோவமா இருக்கியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"சபைக்கு முன்னால சொல்லிட்டேம்லா. பொறவு மாத்திரைய முழுங்குனா, நான் பொய்யனா ஆயிருவேம்லா. உன்கிட்ட சொன்னா நீ விடமாட்ட. அதான்."

அவர் சாட்சி சொன்னபோது முன் பெஞ்சில் உட்கார்ந்து பெருமையில் கண்ணைத் துடைத்தவள் நான். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அந்த மனுஷன் எந்த முகத்தோடு மாத்திரையைக் கையில் எடுப்பார்? கைதட்டினவர்களில் ஒருவராவது, "டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்துனீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டிருந்தால் என்ன? நான் கேட்டிருந்தால் என்ன?

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அந்த ஊழியக்காரர் போன் செய்தார். மருத்துவமனைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். "சிஸ்டர், நம்ம ஜெபத்துக்குப் பலன் கிடைச்சுட்டு பாத்தீங்களா? அடுத்த கூட்டத்துல பிரதரை சாட்சி சொல்லக் கூட்டிட்டு வாங்க" என்றார். "வாறோம் பிரதர். கூட்டத்துக்கு முன்னால உங்க சட்டைப்பை மாத்திரையை எல்லாருக்கும் எடுத்துக் காட்டுங்க, நாங்க வந்திருதோம்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

பொன்னம்மாள் அக்கா வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கத்தினதற்கு மட்டும். மறைவாக ஒன்று இருக்கிறது என்று அவர் சொன்னது சரிதான். அது பாவம் என்று அவர் நினைத்தார். என் வீட்டுக்காரரோ அதைக் காணிக்கை என்று நினைத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நான் இதை எழுதுகிறேன்.

என் ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் கொடுத்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உண்மையைக் காட்டும் என்று கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் காட்டினார். நர்ஸ் பிள்ளையின் வாயைக்கொண்டு காட்டினார். வேறு தெய்வத்தைக் கும்பிடுகிற ஒரு டாக்டரின் கையைக்கொண்டு காப்பாற்றினார். எந்த வேதாகமத்துக்குள் என் கணவர் அந்த மாத்திரைகளை ஒளித்து வைத்தாரோ, அதைக்கொண்டே வெளியே எடுத்துக் கொடுத்தார். அவருக்கே மகிமை.

செப்டம்பர் கடைசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைத்தாரைக் கொழுந்தனார் சுமந்தார். என் கணவர் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதே காணிக்கைக் கவரில், அவர் விழுங்கி முடித்த மாத்திரைகளின் காலி அட்டைகளை வைத்து ஒட்டி, என் கையாலேயே பீடத்தில் வைத்தேன். குருவானவர் திறந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அன்று யாரும் கைதட்டவில்லை. அது எனக்குப் போதும்.

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். நெஞ்சு வலித்தால் ஜெபித்துக்கொண்டே ஆம்புலன்சில் ஏறுங்கள். சுகம் கிடைத்தது என்று ஒருவர் சாட்சி சொன்னால் கைதட்டுங்கள். தட்டிய கையோடு மாத்திரை போடுகிறாரா என்றும் கேளுங்கள். கோபமாக ஜெபிக்கவும் பயப்படாதீர்கள். அதையும் அவர் கேட்கிறார்.

என் கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இப்போதெல்லாம் நான் பாத்திரம் ஒதுக்கப் போவதில்லை. எதிரில் நின்று மாத்திரையையும் தண்ணீரையும் கொடுக்கிறேன். முழுங்கின பிறகு, "வாயைத் திறங்க" என்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார். நன்றாகப் பார்த்துவிட்டு ஆமென் சொல்கிறேன்.