நியூசிலாந்து கீப்பர்

அம்மாவுக்குக் கிரிக்கெட் என்றாலே ஆகாது. நான் சேர்த்து வைத்திருந்த கிரிக்கெட் கார்டுகள் என்றால் சுத்தமாக ஆகாது. பபிள்கம் பாக்கெட்டுக்குள் ஒரு கார்டு வரும். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவருடைய ரன், விக்கெட் கணக்கு. எங்கள் தெருப் பிள்ளைகள் கம்மைத் துப்பிவிட்டுக் கார்டைக் கும்பிடுகிறவர்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டு, வாரத்துக்கு ஒருமுறையாவது அவற்றை அடுப்பில் போடப்போவதாக அம்மா மிரட்டுவாள். அதனால், சென்னையில் நடக்கப்போகும் பெரிய சேகரிப்பாளர் கண்காட்சி பற்றி நான் பேப்பரில் பார்த்து அவளிடம் படித்துக் காட்டியபோது திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். தபால்தலை, பழைய நாணயம், தீப்பெட்டிப் படம், விளையாட்டு வீரர் கார்டு எல்லாம் ஒரே மண்டபத்தில். இல்லாததை வாங்கலாம், கையில் இருப்பதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது.

அம்மா திட்டவில்லை. எந்த இடம் என்று கேட்டாள். மண்டபம் இருக்கும் தெருவின் பெயரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, போகலாம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று எனக்குத்தான் தெரியாது, உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு ஒரு தங்கை. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டவள். பிறந்த வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று எதிர்வீட்டில் இருந்த பெரியப்பா சொல்லிவிட்டார். பெரியப்பா சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு, அப்படி ஒரு சித்தி இருப்பதே தெரியாது. சித்திக்கு அப்போது ஒன்பதாம் மாசம். வளையல் அடுக்க ஒருத்தரும் இல்லை. அம்மா ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண்ணும் மூக்கும் எழுதிக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்யும் ஒரு அக்காவின் செல்போனில்தான் தங்கையோடு திருட்டுத்தனமாகப் பேசுவாள். கண்காட்சி நடக்கும் மண்டபம் சித்தி வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. சென்னைக்குப் போக அம்மாவுக்கு யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணம் வேண்டியிருந்தது. என் கார்டுகள் அந்தக் காரணமாயின.

அப்பாவுக்குச் சூளையில் வேலை. அந்த வாரம் சூளை எரிந்துகொண்டிருந்ததால் லீவு கிடைக்காது. நானும் அம்மாவும் மட்டும் சனிக்கிழமை காலை ரயிலில் போய் ராத்திரி திரும்பிவிடுகிறோம் என்று அம்மா சொன்னாள். அப்பா அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றார். அம்மாவின் முகம் செத்துப்போனது. செலவை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

சாயங்காலம் பெரியப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா அவரிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள். அடுப்படி வாசலில் நின்று அப்பாவைப் பார்த்துச் சொல்வாள், அவர் கேட்டுக்கொள்வார். அன்று அவர் என்னைத்தான் கூப்பிட்டார். கார்டு டப்பாவைத் திறக்கச் சொல்லி, திருட்டுச் சாமானைச் சோதிக்கிற போலீஸ்காரர் மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு இருக்கும்போது இன்னும் என்ன குறை என்று கேட்டார். நியூசிலாந்து கீப்பர் மட்டும்தான் இல்லை, அவன் வந்துவிட்டால் செட் முடிந்துவிடும், எங்கள் தெருவில் இதுவரை யாரும் செட்டை முடித்ததில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

பெரியப்பா அடுப்படிப் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஒரு கீப்பருக்காவ மெட்ராஸ் வரைக்கும் போவணுமா? இந்த யோசன ஆருது பாப்பா? உன்னுதா, ஒங்கம்மாவுதா?"

தாளிக்க வைத்த எண்ணெய் புகைய ஆரம்பித்தும் அம்மா நகரவில்லை. எனக்கு என்னவோ பயமாக இருந்தது. நான்தான் பேப்பரில் பார்த்தேன், நான்தான் கேட்டேன் என்றேன். அது உண்மைதானே. அம்மா சட்டென்று உள்ளே போய் அடுப்பைத் தணித்தாள்.

பெரியப்பா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். நம் ஊரில் கடைக்கா பஞ்சம், முதலில் இங்கே தேடிப் பாருங்கள், வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் போய்வாருங்கள். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். கார்டு இங்கே கிடைத்தாலும் லாபம், அங்கே கிடைத்தாலும் லாபம். நஷ்டப்படக்கூடியவள் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பபிள்கம் வாசனை. அப்பா தினமும் வேலை முடிந்து வரும்போது ஒவ்வொரு கடையிலிருந்து கொஞ்சம் பாக்கெட் வாங்கி வருவார். நான் பிரிப்பதற்குள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அதுவரை கார்டுகளைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள், ஒவ்வொரு பாக்கெட்டையும் நான் கிழிக்கும்போது என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏற்கெனவே இருக்கிற கார்டு வந்தால் நான் சோர்ந்துபோவேன். அம்மா என் தலையைத் தடவி, போனால் போகிறது, சென்னையில் கட்டாயம் கிடைக்கும் என்று தேற்றுவாள். அவளுடைய குரலில் ஒரு தெம்பு இருக்கும். என் கஷ்டத்தில் பங்குகொள்கிறாள் என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துபோகும்.

வியாழக்கிழமை பழமலைநாதர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கீப்பர் கிடைக்க வேண்டும் என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வேண்டினேன். கண்ணைத் திறந்தபோது அம்மா இன்னும் வேண்டிக்கொண்டிருந்தாள், உதடு துடித்துக்கொண்டிருந்தது. ஒரே சாமியிடம் ஒரே நேரத்தில் நேர் எதிரான இரண்டு மனுக்கள். சாமி பாடும் திண்டாட்டம்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பயணத்துக்கான பை தயாராக இருந்தது. கார்டு டப்பாவை வைக்க இடம் தேடிக் கையை விட்டேன். புதுப் புடவைக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள், பேப்பரில் சுற்றி. என் கைக்குப் பெரியவை, அம்மாவோ கண்ணாடி வளையல் போடுவதில்லை. யாருக்கு என்று கேட்டேன். அம்மா என்னை அடிக்க ஓங்கிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்று மட்டும் சொன்னாள். நான் சொல்லவில்லை. வளையலைப் பற்றி யோசிக்க எனக்கு ஏது நேரம்?

அன்று அப்பா வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. பொழுது சாய்ந்தது. அம்மா நாலு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். கறுப்புத் தொப்பி, கையில் பெரிய கிளவுஸ். நியூசிலாந்து கீப்பர்.

சூளையில் கூட வேலை செய்பவர் ஒருவருக்கு ஊர் பெண்ணாடம். அவருடைய மகனிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வேலை முடிந்ததும் பஸ் ஏறிப் போய், அந்தப் பையனைக் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். நான் போட்ட கூச்சலில் தெருப் பிள்ளைகள் ஓடிவந்துவிட்டார்கள். அப்பாவை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் கொண்டாடியதில்லை. என்மேல் இருந்த பாசத்தில் போனாரா, அம்மாவின் திட்டம் தெரிந்துதான் போனாரா என்பதை இன்றுவரை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இனிமே மெட்ராஸ் போவணுமா, வேணாமா? நீயே சொல்லு. உன் கார்டு, உன் இஷ்டம்."

அதுவரை என் இஷ்டத்தை யாரும் கேட்டதே இல்லை. பெரிய மனுஷியாகிவிட்டது போல இருந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தேன். ரயிலில் எனக்கு வாந்தி வரும். மண்டபத்தில் கூட்டம் இருக்கும், யாராவது டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் என்ன செய்வது? நாளைக்கு எதிர்த்தெருப் பிள்ளைகளிடம் முழு செட்டைக் காட்ட வேண்டும். போவதற்கு என்று பார்த்தால் ஒரு காரணமும் மிச்சமில்லை.

"அங்க இன்னும் எவ்ளோவோ இருக்கும் பாப்பா," என்றாள் அம்மா. "வெளிநாட்டு கார்டெல்லாம் வருமாம். பாத்துட்டாவது வரலாம். நல்லா யோசிச்சு சொல்லு."

"வேணாம்மா. அதான் கெடச்சுடுச்சே."

அம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டாள். உள்ளே போய்ப் பையிலிருந்த துணிகளை எடுத்துப் பழையபடி பெட்டியில் வைத்தாள். ராத்திரி அவள் சாப்பிடவில்லை, தலைவலி என்றாள். மறுநாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, வீண் செலவு வேண்டாமென்று சொன்ன புத்திசாலிப் பிள்ளை என்று நாலு பேருக்கு முன்னால் மெச்சினார். அதை அப்படியே வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டாள்.

அந்த மாசக் கடைசியில் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சேதியை அம்மா கம்பெனியில் கையில் தூரிகையோடு உட்கார்ந்தபடி கேட்டிருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அந்தக் கண்காட்சி அடுத்த வருஷமும் நடக்குமா என்று அம்மா கேட்டதுதான். வருஷா வருஷம் நடக்குமாம், ஆனால் செட்தான் முடிந்துவிட்டதே, நமக்கு எதற்கு என்றேன்.

அம்மா சீப்பைத் தரையில் வைத்தாள்.

"வேற ஏதாச்சும் சேக்க ஆரம்பியேன்," என்றாள். "ஸ்டாம்பு, தீப்பெட்டிப் படம், எதுவா இருந்தாலும் சரி. அம்மா வாங்கித் தரேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளின் அம்மாக்களெல்லாம் இருப்பதைப் பிடுங்கிக் குப்பையில் போடுகிறார்கள், எங்கள் அம்மாவோ சேர்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் மறுநாள் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். ஆனால் எனக்கு எதையும் சேர்க்கத் தோன்றவில்லை.