சாப்பாடு வழக்கம்போல

எங்கள் கோயில் செயற்குழுவில் நான் ஒருத்திதான் பெண். மகளிர் பிரதிநிதி என்று பெயர். கோலம் போட ஆள் பிடிக்க வேண்டும், பூ வாங்க வேண்டும், கூட்டம் நடக்கும்போது ஆம்பளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தப் பதவி. தேத்தண்ணியை முதல் கூட்டத்திலேயே நிறுத்திவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் ஊரான குருணில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் இன்னும் என்னிடம் மாட்டவில்லை.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் தலைவர் அந்தப் பேச்சை எடுத்தார். ஊருக்குச் சும்மா உழைக்கிறவர்களைக் கூப்பிட்டு மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி ஒரு விருது கொடுக்க வேண்டும் என்றார். தலைவருக்கு டவுனில் இரும்புச் சாமான் கடை. கெட்ட மனிதர் இல்லை. கோயிலுக்குப் பெயிண்ட் வேண்டும் என்றால் கேட்கும் முன்னே டின்னை இறக்கிவிடுவார். நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னோம். கிட்னி நோயாளிகளைத் தன் வேனில் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய் ரத்தம் சுத்தம் செய்யவைத்துக் கூட்டிவரும் அண்ணனைச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற டீச்சரைச் சொன்னார்கள். சுடுகாட்டில் புல் வெட்டுகிறவரைச் சொன்னார்கள். அக்கா பெயரை நான் சொன்னேன்.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. ஊருக்கே அக்கா. ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ஓய்ந்து, இப்போது ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது நம் வழக்கம். எஸ்டேட்டில் இருந்தவரை பக்கத்து வீட்டில் சோறு வந்துவிடும், யாரும் யாரிடமும் கேட்டதில்லை. எஸ்டேட் கைமாறி, சனங்கள் ஃப்ளாட், தாமான் குடியிருப்பு வீடு என்று சிதறிய பிறகு, சாவு விழுந்த வீட்டுக்காரன் பிணத்தைப் போட்டுக்கொண்டு ரொட்டி வாங்கக் கடைக்கு ஓடினான். அதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா எங்களைச் சேர்த்தார். கையுறை ஃபேக்டரியில் ஷிஃப்டு பார்க்கும் நான், இன்னும் மூன்று நான்கு பெண்கள். எங்கே சாவு என்றாலும் அக்கா வீட்டில் உலை கொதிக்கும். சோறு, காரமில்லாத பருப்புக் குழம்பு, பெரிய பிளாஸ்கில் கோப்பி, அத்தனையும் போய்ச் சேர்ந்துவிடும். கை ருசியைப் பார்த்துவிட்டுக் கோயில் விருந்துச் சமையலையும் எங்கள் தலையிலேயே கட்டினார்கள். நாங்களும் கட்டிக்கொண்டோம்.

ஆக, அக்காவுக்கும் விருது என்று முடிவானது, அன்றைக்கே போய் அக்காவிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் சாப்பாட்டுப் பேச்சு. "சாப்பாடு வழக்கம்போல" என்றார் தலைவர். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டி மோட்டாரை எடுத்த பிறகுதான் உறைத்தது. வழக்கம்போல என்றால் நாங்கள்தானே சமைக்க வேண்டும். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பந்தல்கால் நடச் சொன்ன கதையாக இருக்கிறதே என்று அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன். ரோட்டில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "இதுல என்னாடி இருக்கு. சமைச்சிட்டுப் போய் வாங்கிக்கிறது" என்றார். சொல்லிவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். அப்போதுதான் மகன் வரப்போவதைச் சொன்னார்.

மகன் தெற்கே ஜொகூரில் இருக்கிறார். நல்ல வேலை, உயரமான கட்டடத்தில் வீடு. ஒரு தீபாவளிக்கு வந்தபோது, கோயில் விருந்து முடிந்து எல்லாரும் போன பிறகு, அம்மா கோயில் குசினித் தரையில், அடுப்போரம் உட்கார்ந்து அண்டாவில் ஒட்டிய சோற்றைச் சுரண்டித் தின்பதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து போனில் ஒரே பேச்சுதான். உங்களை அங்கே ஒருத்தரும் மதிக்கவில்லை, வேலைக்காரியாக வைத்திருக்கிறார்கள், மூட்டையைக் கட்டிக்கொண்டு வாங்க என்று. மதிக்கிறார்கள் என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொல்வார். இப்போது விருது என்றதும் மகன் பந்தயமே கட்டிவிட்டார்.

"நேர்ல வந்து பாக்குறேங்கறான். மரியாதையா நடத்துனாங்கன்னா இனிமே வாயே தெறக்க மாட்டேன், இல்லாட்டி கையோட கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லிட்டான். நானும் சரின்னுட்டேன்."

"போகணும்னு உங்களுக்கு ஆசையாக்கா?"

"அங்க பக்கத்து வீட்ல யாரு செத்தாலும் தெரியாதுடி" என்றார் அக்கா. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் ஷிஃப்டு முடிந்து சீருடையோடு தலைவர் கடைக்குப் போனேன்.

"அண்ணே, விருது வாங்குற ஆளே சமைக்கணுமா?"

"நீ ஏம்மா அப்படி எடுத்துக்கற. அக்கா கை பட்டாத்தான் ருசி. வெளிய ஆர்டர் போட்டா சனங்க மூஞ்ச சுளிக்கும்லா."

"அப்ப ஆம்பளைங்க சமைங்க."

தலைவர் சிரித்தார். ஆணி வாங்க வந்தவரும் சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிரிப்பு நின்ற பிறகும் நான் நகரவில்லை என்றதும் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. மகன் கதையை நான் சொல்லவில்லை, அது அக்கா வீட்டு விஷயம். நியாயத்தை மட்டும் பேசினேன். ஒரு வழியாக ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். காலையில் நாங்கள் சமைத்து வைத்துவிடுவது. மத்தியானத்துக்கு மேல் குசினிப் பக்கம் தலைகாட்டுவதில்லை. பந்தி பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஆம்பளைகள். எங்களுக்கு முன்வரிசையில் இடம், முதல் பந்தியில் இலை. இதற்கு மேல் ஒரு அங்குலம் இறங்கமாட்டேன் என்றேன். தலைவர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

விழா அன்று சொன்னபடி சமைத்து இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, தலை பின்னிப் பூ வைத்து வந்தோம். அக்கா கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தார். ரவிக்கை புதிதாகத் தைத்தது, கை கொஞ்சம் இறுக்கம், அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டார். மகன் மண்டபத்தின் பின்னால் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கட்டிய கை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் வேவு பார்க்க வந்தவர், எனக்கு அவரிடம் என்ன சிரிப்பு.

விருது கொடுக்க வேண்டிய ஒய்பி வர நேரமாகிவிட்டது. சட்டமன்ற உறுப்பினர் என்றால் அப்படித்தான், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த இடைவெளியில் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. யாரோ வாட்ஸ்அப்பில், எல்லாரும் வாங்க, விருந்து உண்டு என்று நாலு குழுவுக்குத் தட்டிவிட்டிருக்கிறார்கள். தூரத்துக் கோலா கெடாவிலிருந்துகூட ஒரு வேன் வந்து இறங்கியது. ஒய்பி வந்து பேச ஆரம்பித்தபோது நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தலைவர் குனிந்துகொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, கூட்டம் ரொம்ப வந்துருச்சு. ரெண்டாவது பந்திக்குச் சோறு இருக்காது. நீங்க கொஞ்சம் குசினிப் பக்கம் வந்தா நல்லாருக்கும். பேரு கூப்புடறப்ப ஆள் அனுப்புறேன்."

அக்காவின் கை தானாக முந்தானையை எடுத்து இடுப்பில் செருகியது. எழுந்துவிட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்கக்கா."

"சனங்க பசியோட போகக்கூடாதுடி."

"உங்க மகன் பாக்குறாரு."

அக்கா திரும்பிப் பார்த்தார். மகன் தூணை விட்டு நிமிர்ந்து நின்றார். பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அக்கா மெல்ல உட்கார்ந்தார். முந்தானை மட்டும் இடுப்பிலேயே இருந்தது.

"அக்காவ விடும்மா, நேரமாகுது" என்றார் தலைவர்.

"விடமாட்டேன்" என்றேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நான் எழுந்து போய் உலை வைத்திருந்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்திருக்கும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் இன்றைக்குப் போனால் அடுத்த விழாவுக்கும் போவேன், எனக்குப் பிறகு இன்னொருத்தி போவாள். போவதில்லை என்று நாற்காலியில் பசை போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டேன். மற்ற பெண்களும் அசையவில்லை. தலைவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து அக்கா பெயரைக் கூப்பிட்டார்கள்.

அக்கா மேடை ஏறினார். ஒய்பி பொன்னாடை போர்த்தினார், கேடயம் கொடுத்தார், படம் எடுத்தார்கள். அறிவிப்பாளர், நன்றி, அடுத்ததாக என்று தொடங்கிவிட்டார். அக்கா இறங்கவில்லை. அறிவிப்பாளர் பக்கம் போய் மைக்குக்குக் கை நீட்டினார். நிகழ்ச்சியில் அப்படி ஒன்று கிடையாது. மன்னிச்சிருங்க, நான் போய்ச் சோறு வச்சிட்டு வரேன் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசத் தெரியாது" என்று ஆரம்பித்தார். "கூட்டம் நெறைய வந்துருச்சு, சோறு பத்தாதுன்னு தலைவர் சொல்றாரு. சாமான் இருக்கு. அடுப்பு இருக்கு. அரிசி கழுவ, காய் நறுக்க ஆள்தான் வேணும். நாங்க பொம்பளைங்க காலையிலயே எங்க வேலைய முடிச்சிட்டோம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆம்பளைங்க வாங்க, எல்லாரும் சேந்து கை போட்டு கோத்தோங்-ரோயோங் பண்ணலாம். எப்படிச் செய்யணும்னு நான் சொல்றேன். தலைவரே, மொதல்ல நீங்க வாங்க."

பின்னாலிருந்து யாரோ கை தட்ட, பெண்கள் எல்லாரும் தட்டினார்கள். ஓயவில்லை. தலைவர் வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்தார். வேன் அண்ணன் எழுந்தார். சுடுகாட்டுக்காரர், தன் விருதை இன்னும் வாங்காதவர், அவரும் எழுந்தார். ஒய்பி மீதி விருதுகளை அவசரமாகக் கொடுத்துவிட்டு, ஒரு வெங்காயத்தை உரிப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் நிகழ்ச்சிக்குப் போனார்.

அக்கா பொன்னாடையைக் கழற்றவில்லை. குசினி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏவினார். தலைவர் கோவிசை, அதாவது முட்டைக்கோசை, மாட்டுக்குப் போடுகிற மாதிரி நறுக்கினார். "தலைவரே, இது சனங்க சாப்புடறதுக்கு" என்றார் அக்கா. அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், தலைவரும்தான்.

மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அம்மாவைப் பார்த்தார், நறுக்குகிற ஆம்பளைகளைப் பார்த்தார்.

"நான் என்னம்மா செய்யணும்?"

"அரிசி கழுவு."

அந்த நல்ல சட்டையோடு தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டார்.

புதுச் சோறு கொதிக்கும்போதே முதல் பந்தி போட்டார்கள். அக்காவை நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்தேன். பக்கத்தில் நானும் மற்ற பெண்களும். பந்தியில் உட்கார்ந்து, பிறர் பரிமாற, சூடாகச் சாப்பிட்டதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. இலையின் எந்தப் பக்கம் கை வைப்பது என்று தெரியாதவர்கள்போல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தலைவர் சாம்பார் வாளியோடு வந்தார். அவருக்குப் பின்னால் ரச வாளியோடு மகன் வந்தார். அம்மா இலைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"தலைவர் வந்து உங்க காதுல பேசுனாருல்ல, நீங்களும் எந்திரிச்சீங்கல்ல. அப்ப நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி.

"நானும் அப்படித்தான்டா நெனச்சேன்" என்றார் அக்கா.

மகன் வாளியோடு குனிந்தபடியே நின்றார். அக்கா சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஊத்துடா. இன்னும் எத்தன எலை காத்துக்கிட்டு இருக்கு பாரு."