ஆறு ஹெட்போன்களுக்கு நான் போட்ட புள்ளி

ஹெட்போன் வியாபாரத்தில் நமக்குப் போட்டி பக்கத்துக் கடை இல்லை. வாங்க வருகிறவரின் கழுத்தில் ஏற்கெனவே தொங்கும் ஹெட்போன்தான். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். கையில் இருக்கிறது நன்றாகத்தான் பாடும், ஆனாலும் அடுத்தது இன்னும் கொஞ்சம் நன்றாகப் பாடுமாம். அப்படியான ஆட்களோடுதான் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை, மகள் நேர்சரியில் இருக்கும் நேரத்தில், கல்முனையில் என் காக்காவின், அதாவது மூத்த அண்ணனின், போன் கடையில் என் பிழைப்பு ஓடுகிறது. நீங்களும் அவர்களால் அவதிப்படுகிறவர் என்றால் வாசியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

தவணைப் பரீட்சை

போன் உறை எடுக்கக் கொழும்புக்குப் போன காக்கா, ஒருமுறை பாட்டுப் பைத்தியங்களுக்கென்றே செய்த பெரிய ஹெட்போன்கள் ஆறைக் கொண்டுவந்து கண்ணாடி அலுமாரியில் வைத்தார். வருகிறவர் எல்லாம் எது நல்லது என்று என்னைக் கேட்டார்கள். நான் வயல்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட எனக்குத் தெரிந்த ஒரே வழி பரீட்சைதான். ஒரே பாட்டை ஆறிலும் கேட்டு, நூற்றுக்குப் புள்ளி போட்டு, ஒவ்வொன்றுக்கு முன்னாலும் ஓர் அட்டை வைத்தேன். பின்பக்கம் வலை அடித்த ஒன்று எண்பத்திரண்டு எடுத்து முதலாம் பிள்ளையானது. ஆறிலும் விலை கூடிய, தோல் மெத்தை வைத்த கறுப்பு ஹெட்போனுக்கு நாற்பது. ‘குரல் மங்கல். பேஸ் என்கிற அடிச்சத்தம் இல்லை. தவில் தகரம் போலக் கேட்கிறது. முயற்சி போதாது’ என்று அறிக்கையும் எழுதினேன்.

மாதங்கள் போயின. கறுப்பு அசையவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் அது விற்காவிட்டால் அலுமாரி திரும்பவும் போன் உறைக்குத்தான் என்று காக்கா சொல்லிவிட்டார். அந்த மூலை போனால் எனக்குப் போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் மேசைதான் மிச்சம். அட்டையை எடுத்துவிடட்டுமா என்று அவரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

“வேணாம், இரிக்கட்டும். பொய் செல்லி விக்கிற கடையில்ல இது. ஆனா பெருநாள் வரைக்கும்தான், செல்லிட்டன்.”

மனைவியைச் சாட்சிக்குக் கூட்டி வந்தவர்

ஒருவர் தன் பழைய ஹெட்போனையும் மனைவியையும் சேர்த்துக் கூட்டி வந்தார். புதியதில் எவ்வளவு வித்தியாசம் என்று அவவின் வாயால் சொல்லவைத்துவிட்டால் வீட்டில் பிரச்சினை இல்லை என்பது அவருடைய திட்டம். இரண்டையும் மாறி மாறித் தன் காதில் போட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டினார். கடைசியில் ஹெட்போனைக் கழற்றாமலே, “எப்படி இருக்கு?” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார். அவ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னா:

“ஓம், நல்ல வித்தியாசம்தான். பழசப் போட்டிருந்தா மூணாந்தரம் கூப்பிடக்குள்ள திரும்பிப் பாப்பார். இதுல அதுவும் இல்ல.”

ஓதுகிறவரின் மூச்சு

தையல் கடை வைத்திருக்கும், அக்கா முறையில் நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் ஒருவர் வந்தார். அவருக்குப் பாட்டு வேண்டாம், குர்ஆன் ஓதும் கிறாஅத் கேட்க வேண்டும். ஓதுகிறவர் ஓர் ஆயத்து முடிந்து மூச்சு எடுப்பதுகூடத் தெரிகிற மாதிரி ஒன்று தா என்றார். பெருநாள் நெருங்குகிற பயத்தில் நான் கறுப்பை எடுத்தேன். அவருடைய ஸ்காஃபை இரண்டு பக்கமும் நீவி, எனக்கு மாட்டுவது போலவே அதற்கு மேலே வடிவாக மாட்டிவிட்டேன். ராத்தா ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் மனம் நோகாத குரலில் சொன்னார்:

“சாமான் வடிவாத்தான் இரிக்கி புள்ள. ஆனா அந்த மனிசன் தலகாணிக்குள்ள இருந்து ஓதுறார்.”

நாற்பது புள்ளி சரிதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் வந்தது. ராத்தா போன பிறகுதான், நான் யாருடைய பக்கம் என்று யோசித்தேன்.

கணித சேரின் காது

பாண்டிருப்பில் இருந்து வரும் சேர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஐந்து வருடத்தில் நான்கு ஹெட்போன் மாற்றியவர். ஒரு கொப்பியும் ஒரு தவில் பதிவும் கொண்டு வருவார். கிழமைக்கு மூன்று நாள் கறுப்பை மாட்டுவார். கண் மூடும், விரல் அலுமாரியில் தாளம் போடும். பிறகு கண்ணைத் திறந்து என் அட்டையை வாசிப்பார். விரல் நின்றுவிடும். கொப்பியில் ஏதோ எழுதி, அதை வெட்டிவிட்டு, வலை அடித்ததைக் கையில் எடுப்பார்.

ஒரு கிழமை ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது காதில் பஞ்சு. காது டொக்டரிடம் போய், இல்லாத தவில் சத்தம் தனக்குக் கேட்பதாக முறையிட்டாராம். டொக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாராம். சேர் விடாமல் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கியிருக்கிறார்.

“காதில ஒரு குறையும் இல்லை எண்டுதான் அவர் சொல்றார், தங்கச்சி. ஆனா நீங்க நாப்பதுதானே போட்டிருக்கிறீங்க.”

தலை காயவைத்த மத்தியானம்

பெருநாளுக்கு எட்டு நாள் இருக்க, கறுப்பின் தோல் மெத்தையைத் துடைக்க வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்று தலை குளித்து, முடியை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். சும்மா மாட்டி, பரீட்சைக்குப் போட்ட அதே பாட்டைக் கேட்டுப் பார்த்தேன். முதல் அடியிலேயே தவில் எனக்குப் பின்னால் விழுந்தது. குசினிக்குள் ஏதும் சரிந்துவிட்டதோ என்று நான் திரும்பியே பார்த்தேன். கழற்றிவிட்டு, ஸ்காஃபைச் சுற்றிக்கொண்டு மாட்டினேன். தகரம். ஸ்காஃபை எடுத்தேன். தவில். மகள் இது ஏதோ விளையாட்டு என்று தானும் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

மெத்தை காதைச் சுற்றி ஒட்டி மூட வேண்டும். துணி மடிப்பால் காற்றுப் போனால் பேஸும் கூடவே போய்விடும். வலை அடித்தது முதலே திறந்து கிடப்பது. அதற்கு நட்டம் குறைவு. அவ்வளவுதான் விசயம். காக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் கணக்கை உடனே முடித்துவிட்டார்:

“அப்ப இவ்வளவு நாளும் நீ உன்ட ஸ்காஃபுக்குத்தான் புள்ளி போட்டிரிக்காய்.”

திருத்திய விடைத்தாள்

அட்டையைச் சத்தமில்லாமல் மாற்று, யாருக்கும் விளக்கம் சொல்லப் போகாதே, நம்மளுக்கு இருக்கிறது எட்டு நாள் என்றார் காக்கா. அட்டை எழுதுகிற பெட்டையின் காதையே நம்ப முடியாது என்று ஊர் சொன்னால், கறுப்பு மட்டுமல்ல, அலுமாரியே போய்விடும். அது எனக்கும் தெரியும். ஆனால் சேரின் காதுப் பஞ்சு என் கண்ணை விட்டுப் போகவில்லை. தொண்ணூற்றொன்று என்று எழுதி, அதற்குக் கீழே, ‘முன்பு போட்ட புள்ளி ஸ்காஃபுக்கு மேலே மாட்டிக் கேட்டது. பிழை என்னுடையது’ என்றும் எழுதினேன். சேர் இரண்டு தரம் வாசித்தார். கோபிக்கவில்லை. பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் முதலில் இருந்து கணக்கெடுக்கத் தனக்கு மூன்று நாள் வேண்டும் என்றார்.

அந்த மூன்று நாளில், பெண்கள் ஸ்காஃபைத் தளர்த்திக் கேட்கவென்று அலுமாரிக்குப் பின்னால் பழைய யன்னல் சீலை ஒன்றைத் தொங்கவிட்டேன். ஒரு ஸ்டூல், முகம் பார்க்கும் கண்ணாடி, ஸ்காஃப் ஊசிப் பெட்டி. தையல் கடைக்கு ஆளனுப்பினேன். ராத்தா திரைக்குள் போனார். ஸ்காஃபுக்கு அடியில் ஹெட்போன். ஒரு நீண்ட சூறா முடியும் வரை வெளியே வரவில்லை. வந்ததும் விலையைக்கூடக் கேட்காமல் கட்டித் தரச் சொன்னார். ஓதுகிறவர் மூச்சு எடுக்கிறாராம்.

மூன்றாம் நாள் சேர் கொப்பியோடு வந்து, கறுப்பு இருந்த வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வெட்டு இல்லாத முழுப் பக்கம் ஒன்றை எனக்குக் காட்டினார். கறுப்புக்குத் தொண்ணூற்று மூன்று போட்டிருந்தார். நான் வாய் திறக்க முன்னம், கல்லாவில் இருந்த காக்கா சொன்னார்:

“பெருநாள் முடிஞ்சதும் கறுப்புல ரெண்டு எடுத்து வாறன். ஒண்டு சேருக்கு, மத்தது திரைக்கு அங்கால இரிக்கட்டும். ஆனா மறுகா புள்ளி போடுறதெண்டா, முதல்ல தலையத் தடவிப் பாத்திட்டுப் போடு.”

நல்ல காதை அல்லாஹ் எல்லாருக்கும் சும்மாதான் தந்திருக்கிறான். அதை நம்பாமல் விடுவதற்கு மட்டும் நம்மில் பலருக்கு யாரோ ஒருத்தி பிழையாக எழுதி வைத்த அட்டை ஒன்று போதும்.